பத்து நாற்பதுக்குப் போட்ட கையெழுத்து

ஹெலன், வயது 29, க/பெ. லேட் ஸ்டான்லி, கதவு எண் 47, இலங்கைத் தமிழர் முகாம், படாளம் அருகில், செங்கல்பட்டு மாவட்டம். சார்பு ஆய்வாளர் முன்னிலையில் கூறியது:

நான் மேற்கண்ட முகவரியில் மகன் ஜோஷ்வாவுடன் (வயது 6) வசித்து வருகிறேன். நானும் என் கணவரும் முகாமில்தான் பிறந்தோம். அவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் நேர்காணலில் தேர்வாகி, வேலைக்குச் சேரப் போன அன்று அகதி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு வேறு இரண்டு இடங்களிலும் அப்படியே நடந்தது. அதன் பிறகு முகாமில் மற்ற ஆண்கள் போகும் பெயின்ட் வேலைக்கே அவரும் போனார்.

மேஸ்திரி ஜெகதீசன் எங்கள் ஆட்களை வேனில் கூட்டிப்போவார். வேலை நடக்கும் இடத்தில் பெயர் எழுத மாட்டார்கள், பெயின்டர் நான்கு பேர் என்றுதான் எழுதுவார்கள்.

முகாமில் மாதம் இருமுறை ஆள் கணக்கெடுப்பார்கள். நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பதிவில் இருந்து பெயர் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வேலைக்குப் போன ஆணுக்கு வீட்டுப் பெண்ணே போட்டுவிடுவது எங்களிடம் வழக்கம். அவருடைய கையெழுத்தை அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் வாலை மேலே சுழிக்க வேண்டும்.

சென்ற மாதம் 14ஆம் தேதி சனிக்கிழமை கணக்கெடுப்பு. கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை. இன்று போகாதீர்கள் என்றேன். அவர், "நான் போகேல்லயெண்டா நாளைக்கு வேற ஆள எடுத்திருவார். நீ போட்டு விடு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அதன் பிறகு எங்கள் கதவு எண்ணைக் கூப்பிட்டபோது ஆள் எங்கே என்று கேட்டார்கள். குழாயடியில் குளிக்கிறார், நோட்டைக் கொடுங்கள், வாங்கி வருகிறேன் என்றேன். கூட்டம் அதிகமாக இருந்ததால் கொடுத்தார்கள். சுவர் ஓரமாகப் போய் நானே போட்டேன். நேரம் 10.40 என்றும் எழுதினேன்.

அவர் மூன்றாவது மாடிச் சாரத்தில் இருந்து விழுந்து அங்கேயே இறந்தது பத்தேகால் மணிக்கு என்று உடன் வேலை செய்த மோசஸ் பிறகு சொன்னார். அதாவது நான் கையெழுத்தை நன்றாகச் சுழித்து எழுதியபோது அவர் உயிரோடு இல்லை.

மேஸ்திரி உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முகாம் வீட்டுக் கூரையில் இருந்து விழுந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு நான் அவரிடம் போய்க் கேட்டேன். "இங்க பாரும்மா, அவன் அன்னிக்கு கேம்புலதான் இருந்தான்னு உங்க நோட்டே சொல்லுது. நான் இன்னா பண்ண முடியும்" என்றார். ரிசார்ட்டில் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள்.

மோசஸைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். இந்த வேலையும் போனால் எனக்கு வேறு யார் கொடுப்பார்கள் என்றார். முதலில் அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இப்போது இல்லை. என் கணவரும் அதையே சொல்லித்தான் வேனில் ஏறினார்.

பொய்க் கையெழுத்துப் போட்டதை நானே ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் பெயரையும் பிள்ளை பெயரையும் பதிவில் இருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் என் கணவர் வேலை செய்த இடத்தில்தான் இறந்தார் என்று எழுத வேண்டும்.

அதன் பிறகு சார்பு ஆய்வாளர் அய்யா ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, என் கணவர் கையெழுத்தைப் பத்து முறை போடச் சொன்னார். போட்டேன். அய்யா நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, உன்னால் போட முடியும் என்று தெரிகிறது, அன்று போட்டது நீதான் என்று இது சொல்லாது என்றார். பத்தும் அவர் போட்டது போலவே இருக்கிறது என்றும் சொன்னார்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை. கீழே உள்ளது என் சொந்தக் கையெழுத்து.

(ஒப்பம்) ஹெலன்