தூங்காத மீட்டர்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பஸ். என் முன் சீட்டில் இருந்த கரடியூர்க்காரப் பெண், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்தப் பெண்ணின் ஊர் வீடுகளுக்குப் புது கரண்ட் மீட்டர் மாட்டியவராம் அவர்.

"ஏனுங்கண்ணா, எல்லார் ஊட்டு மீட்டரும் தூங்குது. எங்க ஊட்டுது மட்டும் ஏனுங்க தூங்க மாட்டேங்குது?"

நான் சன்னலை விட்டுத் திரும்பினேன்.

"லைட்டு மின்னிக்கிட்டே இருக்குதுங்களா? மீட்டருக எல்லாம் கரண்ட் கம்பி வழியாவே ஆபீசுக்குச் சேதி சொல்லுதுங்க அக்கா. சும்மா முழிச்சிருந்தா கரண்ட் வீணுன்னு, சொல்லி முடிச்சதும் தூங்க வெச்சிருக்கோம். உங்க ஊடு நடுவுல இருக்குது. மேல் ஊடுக சொல்றத உங்க மீட்டருதான் வாங்கிக் கீழ அனுப்புது."

"அதுக்கு ஒண்ணே நாள் பூரா முழிக்கோணுமா? ஊத்துத் தண்ணிய நாங்க முறை வெச்சுத்தானுங்க பாய்ச்சறோம்."

"இதையும் முறை வெக்கலாமுங்க. நடுவுல உங்க ஊடும் எதுத்த ஊடுந்தான். நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னு ரெண்டு மீட்டரும் பேசி வெச்சுக்கோணும்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

"எதுத்த ஊடு எங்க கொழுந்தன் ஊடுங்க. தண்ணி முறையில சண்டையாகி, பேசி நாலு வருசமாச்சு."

"அப்ப வேண்டாமுங்களா?"

"இல்லீங்க, வெய்யிங்க."

இறங்குவதற்காக எழுந்த அந்தப் பெண், கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

"அதுக பேசிக்கறது எங்களுக்குக் கேக்குமுங்களா?"