ஏறாத ஜீப்பு

இப்ப ஒரு அப்பா எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டாரு. "என் பையன் எட்டாவது படிக்கிறான் மேடம், மார்க்கு ஏறவே மாட்டேங்குது. ஸ்கூலை மாத்தவா... இல்ல இன்னொரு ட்யூஷன் வைக்கவா?"

நல்ல கேள்வி. பதில் அப்புறம் சொல்றேன். அதுக்கு முந்தி ஒரு ஜீப்பு கதை இருக்கு, சின்னதுதான்... கேட்டுக்கங்க.

எனக்கு ஊரு போடிப் பக்கம். எங்க ஊருப் பொம்பளைங்க காலைல ஜீப்புல மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவாங்க. எங்க தெருவுக்கு வர்ற ஜீப்பு வீரணன் அண்ணனோடது. அதுல எத்தனை பேரு ஏறுவாங்கன்னு கேக்காதீங்க... போலீஸ்காரங்க யாராச்சும் இங்க உக்காந்திருக்கலாம்.

அந்த ஜீப்பு மலையில இழுக்கல. லேட்டாப் போனா என்ன ஆகும்? கங்காணி, "பேரு எடுத்தாச்சு, திரும்பிப் போங்க"ம்பான். அன்னிக்குச் சம்பளம் போச்சு. ஒரு வாரத்துல ரெண்டு தடவ இப்படி ஆகிப்போச்சு. பொம்பளைங்க சொல்லிட்டாங்க: "அண்ணே, இனிமே இப்படின்னா நாங்க வேற ஜீப்பு பாத்துக்கிறோம்." வீரணனுக்கு அந்த ஜீப்பை விட்டா வேற பொழப்பு கிடையாது. பயந்துட்டாரு.

அவரு மச்சான் ஒச்சப்பன் லாரி டிரைவர். அவரு சொன்னாரு, "மாப்ள, இஞ்சினைக் கழட்டிப் போடு. பெரிய இஞ்சினா ஒண்ணு வாங்கி உக்கார வை."

மெக்கானிக் அந்தோணி விடல. "அதோட முடியுமாய்யா? கியர் பாக்ஸு ஒத்துக்கணும், சேஸியை வெட்டணும், ஆர்.டி.ஓ. சம்மதிக்கணும். இருக்கிற இஞ்சினுக்கே டர்போ மாட்டிருவோம். காத்தை அமுக்கி உள்ள ஊட்டும், இழுவை தானா வரும்."

"பழைய இஞ்சினு அது. அந்தச் சூடு தாங்குமா? கேஸ்கட்டு போயிரும்."

"உன் பெரிய இஞ்சின் வெயிட்டுக்கு முன்னாடி ஸ்பிரிங்கு படுத்துரும்."

ரெண்டு பேரு சொல்றதும் சரிதாங்க. அதுதான் கஷ்டம். ஒரு டீக்கடையே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு போச்சு. கடைசில, ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு மூணு பேரும் கெளம்பி மலையேறுனாங்க.

ஜீப்பு என்ன பண்ணுச்சு? ஜம்முனு ஏறுச்சு! மெக்கானிக் தலையச் சொறிஞ்சாரு. "நல்லாத்தானய்யா இருக்கு. சரி, நாளைக்கு லோடோட வர்றேன்."

மறுநாள் அவரும் ஒச்சப்பனும் முன்னாடி உக்காந்துக்கிட்டாங்க. செங்குத்தான ஒரு வளைவு... ஜீப்பு பொகையக் கக்கிட்டு நின்னுருச்சு. பொம்பளைங்க தூக்குவாளியை எடுத்துக்கிட்டாங்க, இறங்குனாங்க, நடந்தாங்க. தெனமும் நடக்குறதுதான! ஆளு இறங்குனதும் ஜீப்பு ஏறி மேல போயி நின்னுச்சு. இவங்க மூச்சு வாங்க நடந்து போயி மறுபடி ஏறணும்.

அங்கயும் சண்டை ஆரம்பிச்சிருச்சு. இஞ்சினா... டர்போவா... இஞ்சினா... டர்போவா...

பவுன்தாயின்னு ஒரு அக்கா. அதுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நாங்க இறங்குனா வண்டி ஏறுது. நாங்க ஏறுனா வண்டி ஏறல. இதுக்கு எதுக்குய்யா மெக்கானிக்கு?"

அவ்வளவுதான். சண்டை நின்னுபோச்சு.

வீரணன் மெதுவா, "ஆளக் கொறச்சா எனக்குக் கட்டாதே தாயி"ன்னாரு. அதுக்குப் பவுன்தாயி, "ஆள ஏன்யா கொறைக்கிற? வெள்ளனமா வா. ரெண்டு நடையா அடி."

மறுநாள் பாதிப் பேரு ஏறவே இல்ல. "போயிட்டு வந்து கூட்டிட்டுப் போ"ன்னு தெருவுலயே நின்னுக்கிட்டாங்க. வீரணன் டீசல் போகுதேன்னு மொணங்கிக்கிட்டேதான் ஓட்டுனாரு. ஆனா அதுக்கப்புறம் கங்காணி ஒருத்தரையும் திருப்பி அனுப்பல. அதே ஜீப்பு... அதே இஞ்சினு.

ஐயா, இப்ப உங்ககிட்ட வர்றேன். ஸ்கூலை மாத்துறது இஞ்சினை மாத்துறது. ட்யூஷன் வைக்கிறது டர்போ மாட்டுறது. உங்க பையன் காலைல கீபோர்டு, சாயங்காலம் அபாகஸு, அதுக்கு மேல ஏற்கெனவே ரெண்டு ட்யூஷன், ஞாயித்துக்கிழமை செஸ்ஸு போறான்னு கூட்டம் தொடங்குறதுக்கு முந்தி நீங்கதான் எங்கிட்டப் பெருமையாச் சொன்னீங்க. அது போக, டாக்டர் ஆக முடியலைன்னு நீங்க அப்பச் சொன்ன வருத்தம்... அதுவும் அந்த வண்டியிலதான உக்காந்திருக்கு?

எல்லாப் பிள்ளைக்கும் இதே பதில்னு நான் சொல்லல. இஞ்சினே பழுதான வண்டியும் உண்டு, அதுக்கு மெக்கானிக்தான் வேணும். ஆனா அவருகிட்டப் போறதுக்கு முந்தி, ஒரு தடவ திரும்பி, பின்னாடி யாரு யாரெல்லாம் உக்காந்திருக்காங்கன்னு பாருங்க.

இன்னிக்கு வீட்டுக்குப் போயி பையன்கிட்ட மார்க்கு கேக்காதீங்க. "எதைடா இறக்கி வைக்கலாம்?"னு கேளுங்க. அவன் யோசிக்கவே மாட்டான்... பவுன்தாயி மாதிரி பட்டுனு சொல்லுவான். அவன் சொல்றதை மட்டும் நீங்க இறக்கி விட்டுருங்க. அதுதான் உங்க கேள்விக்கு என் பதில்.