வாட்டுத் திரை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மூத்த பெண்ணிடம் சொன்னாள்:

“கிருமி திரையிலதான் இரிந்திச்சாம், ராத்தா.”

“எந்தத் திரையில?”

“ஆஸ்பத்திரி வாட்டுல உம்மாட கட்டிலச் சுத்தி இரிக்கிற திரையில. ஆராய்ச்சிக்கு வந்த டொக்டர்மார் பஞ்சுக் குச்சியால எல்லா இடமும் தேய்ச்சிப் பாத்தாங்க.”

“அத ஆரு புள்ள தொடுற?”

“நான்தான். ஆம்புளையள் வாட்டுக்குள்ள வரக்குள்ள இழுத்து மூடுவன். மறுகா அந்தக் கையாலதான் உம்மாட கால் புண்ணத் துடைப்பன்.”

ஒலுவில் சந்தி தாண்டியதும் அந்த ராத்தா கேட்டார்:

“இப்ப?”

“திரையெல்லாம் கழட்டிக் கழுவப் போட்டுட்டாங்க. ஆம்புளையள் வருவாங்கண்டு உம்மா தலையோட போர்வையப் போத்திட்டுப் படுத்திரிக்கா.”

“புண்?”

“ஆறிட்டு வருது. ஆனா இண்டைக்கு அந்தப் போர்வையிலயும் குச்சியால தேய்ச்சிட்டுப் போயிட்டாங்க.”