ஐந்து தார்க்குச்சிகள்

காஞ்சிபுரத்தில் மாட்டாஸ்பத்திரி வரிசை. எனக்கு முன்னால் நெசவுக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் கயிறு கட்டிய செவலை நாயோடு நின்றாள். அவள் பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி.

“தார்க்குச்சிக்குப் பால் குடுக்குதுக்கா இது.”

“இன்னாது?”

“தறில குறுக்க ஓடுற நாடாவுல போடுவோமே, பட்டு சுத்தின குச்சி, அதுக்கு. தீட்டுப்பட்டு ரெண்டு மாசம் ஆனா, வயித்துல ஒண்ணும் இல்லாமலே பால் கட்டிக்குது. தறிகிட்ட இருந்து குச்சிய ஒண்ணொண்ணா கவ்விக்கினு போய் மூலைல வெச்சி நக்கிக்கினே படுத்துக்குது. கிட்ட போனா உறுமுது. சரியா அஞ்சு தான் எடுக்கும்.”

“அதென்னா அஞ்சு?”

“போன வருசம் போட்டது அஞ்சு குட்டி. கண்ணு தொறந்து பத்து நாள் கூட ஆவல. சத்தத்துல தறில உக்கார முடியலன்னு, இத வெளிய கட்டிட்டு, எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் கூடைல தூக்கிக்கினு போய் குடுத்துட்டு வந்துட்டாரு.”

“இன்னொரு ஈத்து வுட்டுப் பாரேன்மா. மறந்துடும்.”

“வாணாக்கா. அதையும் தூக்கிக் குடுக்கத்தான போறோம். பால் வத்தினதும் குட்டியே போடாம ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொன்னாரு. வத்திடுச்சு. குச்சிய தான் இன்னும் வுடல.”

உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நாய் போனது. அந்தப் பெண் ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நின்றாள்.

“பைல இன்னாமா?”

“அந்த அஞ்சு குச்சி தான். மயக்கம் தெளிஞ்சா தேடும், பக்கத்துல வைன்னு எங்க வீட்டுக்காரரு போட்டுக் குடுத்தாரு.”