ஆறு முறை தள்ளிப்போன சீட்டு

— “மதிப்பிற்குரிய அக்காவுக்கு. எழுதிப் பழக்கமில்லாத நான் இக்கடிதத்தை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிக்க வேண்டுகிறேன். சொற்களில் பிழை இருப்பின்...”

— போதும், நிறுத்து. கூடப் பிறந்தவளுக்கு எவன்டா ‘மதிப்பிற்குரிய’ன்னு கடுதாசி எழுதுவான்? அதுவும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு! அம்மா போய் மூணு நாள்தான் ஆகுது. நான் இங்க அவ அலமாரியைக் காலி பண்ணிட்டிருக்கேன், நீ அவ கட்டில்ல உக்காந்து லெட்டர் படிக்கிறே.

— வாயால சொல்ல வரலக்கா. அதான் எழுதினேன். மன்னிச்சுக்கோ.

— மன்னிப்பெல்லாம் அப்புறம். விஷயத்துக்கு வா.

— “அம்மா குளியலறையில் விழுந்த அன்று மதியம், அவர் உதவி மணியை அழுத்தவே இல்லை என்று இந்த முதியோர் இல்லத்தார் நம்மிடம் கூறினார்கள். அது உண்மையன்று. அவர் அழுத்தினார்.”

— என்னடா உளர்றே? நர்ஸ் மேசையில விளக்கே எரியலைன்னாங்களே. நாற்பது நிமிஷம் கழிச்சு டீ கொண்டுவந்த பொண்ணுதானே பார்த்துச்சு.

— எரியாதுக்கா. ரெண்டு ரூம்ல ஒரே நொடியில அழுத்தினா ஒரு விளக்குதான் எரியும். இன்னொண்ணு தொலைஞ்சு போயிடும். அதே நொடியில எதிர் ரூம் பெரியவர் ஃபேனைக் குறைக்கச் சொல்லி அழுத்தியிருக்கார். எங்க ஆபீஸ் பதிவுல ரெண்டும் இருக்கு.

— உங்க ஆபீஸ். நீ பண்ண மணி. உன் மணி இருக்குன்னுதானேடா வேற இடம் பார்க்காம இங்க சேர்த்தோம்.

— ஆமாக்கா.

— இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?

— மூணு மாசமா தெரியும்.

— சொல்லு. முழுசா சொல்லு.

— எங்க வேலை ரெண்டு ரெண்டு வாரமா நடக்கும்க்கா. அதை ஸ்பிரிண்ட்னு சொல்வோம். செய்ய வேண்டியதையெல்லாம் மஞ்சள் சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டுவோம். எது இப்போ, எது அப்புறம்னு டீம் லீட் பிரிப்பார். இப்ப எடுக்காதது அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிப்போகும். மணி கேக்கலைன்னு வந்த புகார்ச் சீட்டு ஆறு தடவை தள்ளிப்போச்சு.

— அப்படி என்னடா அதைவிடப் பெரிய மலையைப் புரட்டினீங்க?

— திரைக்கு நிறம் மாத்தினோம். பிறந்தநாள் வாழ்த்து தானா வர்ற மாதிரி பண்ணினோம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இல்லத்து முதலாளிக்குக் காட்டணும், அதனால கண்ணுக்குத் தெரியறதைத்தான் முதல்ல பண்றது. பார்த்துட்டுக் கைதட்டுவார்.

— நீ ஒரு வார்த்தை கேக்கலையா?

— லீட்கிட்ட ஒரே ஒரு தடவை கேட்டேன். ‘ஆள் வரலைன்னா மறுபடி அழுத்தப் போறாங்க, அதுக்கென்ன’ன்னார். சரிங்க சார்னுட்டேன்.

— மறுபடி அழுத்துவாளா? நம்ம அம்மாவா? தண்ணி வேணும்னாகூட ஒரு தடவை கேட்டுட்டு, வரலைன்னா தொண்டை காய்ஞ்சு உக்காந்திருப்பாளேடா!

— தெரியும்க்கா. அப்பவும் அதேதான் நெஞ்சுல ஓடிச்சு. தினம் காலையில எல்லாரும் வட்டமா நின்னு சொல்லணும். நேத்து என்ன பண்ணினே, இன்னிக்கு என்ன பண்ணப் போறே, தடை ஏதாவது இருக்கா. அறுபது காலையும் ‘தடை ஒண்ணும் இல்லை’ன்னேன்.

— அறுபது காலை!

— நாலாவது ஸ்பிரிண்ட்ல பசை போயி சீட்டு கீழ விழுந்துடுச்சு. நான்தான் டேப் போட்டு ஒட்டினேன்.

— மணியைச் சரிபண்ணலை. டேப் போட்டே.

— ரெண்டு நாள் வேலைதான்க்கா அது.

— வாயை மூடு. அதைச் சொல்லாதே எங்கிட்ட. முதல்ல புகார் கொடுத்த மனுஷனாவது வந்து நாலு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?

— யாருன்னே தெரியாது. இல்லத்து ஆபீஸ்ல சுருக்கித்தான் எங்களுக்கு அனுப்புவாங்க. ‘பயனர் ஒருவர்’னு இருக்கும், அவ்வளவுதான். கீழ ‘அவசரம் ஒன்றும் இல்லை’ன்னு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த வரியைப் படிச்சுட்டுத்தான் லீட் தள்ளி வெச்சார்.

— நல்ல புகார் போ. நீயாவது அம்மாகிட்ட கேட்டியா?

— ஞாயித்துக்கிழமை வர்றப்பல்லாம் ‘மணி எப்படிம்மா இருக்கு’ன்னு கேப்பேன். ‘அதுக்கென்ன, ஜோரா இருக்கு’ன்னுவாங்க.

— சொல்லுவா, சொல்லுவா. மகன் பண்ணதாச்சே. மூக்கைத் துடை. சாமானெல்லாம் வாங்கிக்கிட்டோம்னு இந்த ஃபாரத்தை எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பலாம். நான் சொல்றேன், நீ எழுது. சால்வை ரெண்டு.

— ரெண்டு.

— ரேடியோ ஒண்ணு. நோட்டு ஒண்ணு. இரு, இதுல என்னமோ அடிச்சு அடிச்சு எழுதிப் பார்த்திருக்கா.

— படிக்கா.

— “ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். என் அறை மணி சில சமயம் யாருக்கும் கேட்பதில்லை போலிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. மணியைச் செய்த பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.”

— அக்கா... அந்தச் சீட்டு...

— தெரியுது. எழுது. கடைசியா ‘திரும்பக் கிடைக்காதவை’ன்னு ஒரு கட்டம் இருக்கு.

— வலது கால் செருப்பு ஒண்ணு. மூக்குக்கண்ணாடி ஒண்ணு. நாற்பது நிமிஷம். மூணு மாசம். அம்மா.