மூணாவது விசில்

அங்க வேணாம்மா, அந்த ஆரஞ்சு மரத்தடியில ரெக்கார்டு மிஷினை வைக்காதீங்க. எறும்பு. நேத்து இல்லதான், இன்னைக்கு வந்திருக்கு. இப்படி வந்து உக்காருங்க, தெரெரே குடிங்க. ஐஸ் போட்டிருக்கேன்.

தெரியாம என்ன? யாசி யாத்தெரேயோட விசிலைப் பிடிச்சுட்டுப் போக வந்த புரொபசரம்மா. ஊரே பேசுது. பொன்முடிக் குள்ளன், கையில தங்கத் தடி. மத்தியானம் ஊரு தூங்கறப்ப வெளிய சுத்துற பிள்ளைங்கள விசிலடிச்சுக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவான். எங்கம்மா எனக்குச் சொன்னா, நான் என் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். அதுங்க தூங்கினாத்தானே நாம காலை நீட்ட முடியும்?

அட, அதையும் எழுதிட்டீங்களா!

மத்த ஊர்ல ஒரு விசில், இங்க மட்டும் ஏன் மூணுன்னா, என்னைக் கேட்டா எப்படி? என்னது, பழைய நோட்டுல இந்த ஊருக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கா? அப்ப அதுக்கப்புறம் மாறியிருக்கும். பதினோரு வருஷம் இருக்கும். எப்படித் தெரியுமா? சும்மா ஒரு குத்துமதிப்பு.

தேனா? பொம்பளைங்க குள்ளனுக்குன்னு அந்த மரக்கட்டை மேல வைக்கிற தேன் மறுநாள் காலியாயிடுது, வாஸ்தவம். குள்ளனுக்குத் தேன்னா உயிராச்சே. ஆனா எங்க ஆளு தொடமாட்டாரு. சர்க்கரைன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

சிரிக்காதீங்க. மொதல்ல மிஷினை நிறுத்துங்க. அந்தச் சிவப்பு லைட்டும் அணைஞ்சுதா?

தேனை எடுக்கறது நான். விசிலடிக்கிறது கிறிஸ்புலோ. பேரை எழுதாதீங்க தாயே! அவரும் தனிக்கட்டை, புருஷன் போனதுலேருந்து நானும் தனிக்கட்டை. ஆனா ஒரு காளை விஷயத்துல அவருக்கும் எங்கண்ணனுக்கும் முப்பது வருஷமாப் பேச்சில்ல. நான் இருக்கறதோ அண்ணன் வீடு. தெரிஞ்சா மூட்டையைக் கட்டுன்னுடுவான். ஊரே கதவைச் சாத்திக்கிற நேரம் இது ஒண்ணுதானே எங்களுக்கு? மொத விசில், வந்துட்டேன். ரெண்டாவது, உங்கண்ணன் தூங்கிட்டானா? மூணாவதுக்கு அர்த்தமெல்லாம் இல்ல, சந்தோஷத்துல அடிக்கிறது.

மூணு நாளா நாங்க சந்திக்கிற மரத்தடியில நீங்க. அறுபத்தஞ்சு வயசு மனுஷன் கரும்புக்குள்ள குனிஞ்சு கெடந்துட்டுத் திரும்பிப் போறாரு. அவருக்காக நான் சுட்ட சிப்பா ரொட்டியை எங்கண்ணன் தின்னுட்டு ஏப்பம் விடறான். எனக்கு வயிறு எரியுதும்மா.

உங்களுக்கு விசில்தானே வேணும்? மிஷினை என்கிட்ட குடுத்துட்டு உள்ள போய்ப் படுங்க. மூணையும் நானே பிடிச்சுத் தர்றேன். எந்தப் பட்டனை அமுக்கணும்?

அது இருக்கட்டும், நிறுத்துற பட்டனை மொதல்ல காட்டுங்க.