பார்க்காமல் ‘ஆமாம்’ சொல்லாதவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, இத்தனை துயரத்திலும் எங்களுக்காக வந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவருடைய அன்பு மகளே, உறவினர்களே, சாப்பாட்டு அறையிலிருந்து அவரவர் நாற்காலியைத் தூக்கிவந்து உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

போன வாரம் உறக்கத்திலேயே நம்மை விட்டுப் பிரிந்த நம் மூத்த பொறியாளருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. நமக்கெல்லாம் அவர் ‘யாரது’ அண்ணன்!

அண்ணன் போய்விட்டார். அவருடைய சாவி மட்டும் இன்னும் நம் சர்வரில் இருக்கிறது. சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல. இன்னார்தான் வருகிறார் என்று சர்வர் தெரிந்துகொள்வதற்கான அடையாளம். ஆள் போனால் அன்றைக்கே சாவியை எடுத்துவிட வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. அந்த வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். எனக்குக் கை வரவில்லை.

அவர் என்ன வேலை செய்தார் என்று உறவினர்களில் சிலருக்குக் குழப்பம் இருக்கலாம். ஜாவா நூலகத்தில் வேலை என்று அவர் சொன்னதைக் கேட்டு, அவருடைய மாமியார் ரொம்ப காலம் மாப்பிள்ளையை லைப்ரரியன் என்றே நம்பிக்கொண்டிருந்தாராம். “வாரப் பத்திரிகை எதையாவது கொண்டுவாங்களேன் மாப்ளே” என்று கேட்பாராம். இவரும் மறுபேச்சு பேசாமல் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாராம்!

எங்கள் நூலகத்தில் புத்தகம் கிடையாது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது; மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கருவிப் பெட்டி அது. எழுதிய புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது பழையதை எடுத்துக் கொடுக்கும். அந்த மாற்றங்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பூட்டிய பாதை ஒன்று வேண்டும். எஸ்எஸ்எச் என்போம். அந்தப் பாதையை அமைத்துக் கொடுத்தவர் நம் அண்ணன்.

அந்தப் பாதையில் ஒரு கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தொடும்போது கேள்வி ஒன்று வரும். ‘எதிரே இருப்பதன் கைரேகை இது. நம்பித் தொடரலாமா?’ கூடவே நீளமாக ஓர் எழுத்துக்கூட்டம். அதை யார் படிக்கிறார்கள்? உலகமே ‘ஆமாம்’ என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறது! அண்ணன் மட்டும் மேஜைப் போனை எடுப்பார். எதிர்முனையில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவரைப் பிடித்து, கைரேகையை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்வார். முதல் கேள்வியே “யாரது?” என்பதுதான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் காலை, வாடிக்கையாளர்கள் இதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் புரோகிராம் அவர்களுடைய சர்வரோடு சேர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அண்ணன் முன்பே பதிந்துவைத்த கைரேகையோடு ஒத்துப்போகவில்லை! இதோ மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, நம் மேலாளர், அன்றைக்கு அவருக்கு வியர்த்து ஊற்றுகிறது.

“அந்தச் சோதனையை அணைச்சுத் தொலைங்க. ஒரு வரிதானே!” என்றார்.

“ஒரு வரிதான் சார். வாசலுக்குப் பூட்டும் ஒண்ணுதான்” என்றார் அண்ணன். போனை எடுத்தார். “யாரது? கொஞ்சம் மெதுவா வாசிங்கம்மா. அவசரமே இல்ல.”

அவசரமே இல்லையாம்! மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

வாசித்துப் பார்த்தால், நாங்கள் தட்டிக்கொண்டிருந்தது அவர்களுடைய சர்வரின் கதவே அல்ல. எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று நாங்கள் எழுதிவைத்த கோப்பில் முகவரியின் ஓர் எண் மாறியிருந்தது. சோதனையை அணைத்திருந்தால் வாடிக்கையாளரின் புரோகிராம் முழுவதும் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் இறங்கியிருக்கும். எண்ணை மாற்றித் தட்டியது யார்? அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை. மேலாளர் ஏன் இவ்வளவு சிரிக்கிறார் என்று நானும் கேட்கப் போவதில்லை!

இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அண்ணியிடம் ஒரு முறை கேட்டேன். அண்ணி சிரித்தார். “கல்யாணப் பேச்சு வந்தப்ப என்னைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிக்கல. பார்த்தாரு, உடனே ‘ஆமாம்’னுட்டாரு. வாழ்க்கையிலேயே அவர் சரிபார்க்காம விட்டது என்னை மட்டும்தான்.” பக்கத்தில் நின்ற அண்ணன் காதுவரை சிவந்துபோனார்.

நிறைவாக வாழ்ந்தவர். அவரை நினைத்தால் எனக்கு அழுகையைவிடச் சிரிப்பே முந்திக்கொண்டு வருகிறது.

கூட்டம் தொடங்குமுன் அண்ணியிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். “எடுத்துட்டா, அவர் எழுதினதெல்லாம் போயிடுமா?” என்று கேட்டார்.

“போகாது அண்ணி!” என்றேன். சாவி மட்டும்தான் போகும். அவர் எழுதிய ஒவ்வொரு வரியும், அவர் பெயரோடு, அப்படியே இருக்கும். அப்படி இருப்பதற்காகத்தானே அந்த நூலகமே!

“அப்போ எடுத்துடும்மா. இல்லேன்னா அவருக்கே பிடிக்காது” என்றார்.

சபையோரே, அவர் வைத்த சோதனையை எந்த அவசரத்துக்காகவும் அணைக்க மாட்டோம். கைரேகை மாறினால் போனை எடுப்போம். “யாரது?” என்று கேட்போம். இது அவர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வேலை பழகிய எங்கள் அனைவரின் உறுதி.

இந்தக் கூட்டம் முடிந்ததும் என் இடத்துக்குப் போவேன். ‘இந்தச் சாவியை நீக்கலாமா?’ என்று சர்வர் கேட்கும். கீழே அண்ணனுடைய சாவியின் கைரேகை, அதே போன்ற எழுத்துக்கூட்டம், நீளமாக இருக்கும். அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படிப்பேன். படித்த பிறகுதான் ‘ஆமாம்’ என்று தட்டுவேன்.